பழைய ஜீப் சேஸை எங்கே பலப்படுத்தலாம், எங்கே கை வைக்கக் கூடாது

கேள்வி இதுதான். 1967 மாடல் மஹிந்திரா சி.ஜே.-3பி. பாடியை இறக்கி, அடியில் எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸைப் பார்த்தால், வலது சைடு மெம்பரில் (சேஸின் நீளவாக்குச் சட்டம்) ஸ்டீயரிங் பாக்ஸின் போல்ட் துளையிலிருந்து மேல்நோக்கி ஒரு கீறல். முன் ஸ்பிரிங்கின் பின் ஹேங்கர் (ஸ்பிரிங் முனையை சேஸில் பிடிக்கும் பிராக்கெட்) பக்கத்தில் இன்னொன்று, மயிரிழை போல. பின் கிராஸ் மெம்பர் (இரண்டு சைடு மெம்பரையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) துருவில் அரித்து விரல் உள்ளே போகிறது. இடையில் யாரோ பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர், "சேஸ் முழுக்க உள்பக்கம் 5 மி.மீ. தகடு அடித்துப் பெட்டியாக மூடிவிடலாம், லாரி மாதிரி ஆயிடும்" என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். அந்த "லாரி மாதிரி" என்ற பேச்சிலேயே தப்பு இருக்கிறது. அடுத்த தடவை டீக்கடை ஓரமாக ஒரு லாரி நின்றால் குனிந்து அடியில் பாருங்கள். பத்துப் பதினைந்து டன் ஏற்றும் அந்த வண்டியின் சேஸும் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த சி சேனல்தான், பெட்டி கிடையாது. கிராஸ் மெம்பர்களையும் ரிவெட்டிலோ போல்ட்டிலோ பிடித்திருப்பார்கள். செலவை மிச்சம் பிடிப்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி எதிர் மூலைச் சக்கரம் இறங்கும்போது சேஸ் கொஞ்சம் முறுக வேண்டும். முறுகாவிட்டால் அந்த விசை எதையாவது உடைத்துக்கொண்டுதான் வெளியே போகும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும். உள் தட்டை எடுத்துவிட்டு மேல் உறையை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், எதிர்க்கும். இப்போது உறையின் ஒரு பக்கத்தை பிளேடால் நீளவாக்கில் கிழித்துவிட்டு முறுக்குங்கள். துணி மாதிரி வளையும். அட்டை அதே அட்டைதான், அளவும் அதே அளவுதான். ஒரு பக்கம் திறந்ததும் முறுக்கைத் தாங்கும் விறைப்பு போய்விட்டது. கணக்கிலும் இது தெரியும். 100 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள சி சேனலை அதே தடிமன் தகட்டால் மூடினால், முறுக்குக்கு எதிரான விறைப்பு சுமார் 400 மடங்கு கூடும். மேலிருந்து வரும் பாரத்துக்கு எதிராக இவ்வளவு லாபம் கிடையாது. சி சேனல் அந்தப் பாரத்தை ஏற்கெனவே நன்றாகத் தாங்குகிறது.

400 மடங்கு என்றதும் ஆசை வரும், எனக்கும் வந்தது. போடி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றுக்கு, பல வருடம் முன்னால், கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரிலிருந்து பின் ஸ்பிரிங் முன் ஹேங்கர் வரை நானே பாக்ஸ் அடித்து, அதாவது தகடு வைத்துப் பெட்டியாக மூடிக் கொடுத்தேன். வெல்டிங் அழகாக வந்திருந்தது, அடுக்கி வைத்த காசு மாதிரி. இரண்டு மழைக்காலம் போனது. வண்டி திரும்ப வந்தபோது, நான் தகட்டை முடித்த இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி, சேனல் கீழிருந்து முக்கால் உயரம் வரை நேர்க்கோடாகக் கிழிந்திருந்தது. கட்டிங் வீலால் அறுத்தது போல. என் வெல்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வெல்டிங்குக்குப் பக்கத்தில் இருந்த பழைய இரும்புதான் போனது. தகடு போட்ட பகுதி முறுக மறுத்ததால் முறுக்கு முழுவதும் தகடு முடிகிற அந்த ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தகட்டின் முனையையும் நான் செங்குத்தாக வெட்டி, மேலிருந்து கீழே நேராக ஒரு வெல்டிங் கோடு போட்டிருந்தேன். கிழிய வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

அப்படியென்றால் பெட்டிச் சேஸே தப்பா என்றால், இல்லை. லேண்ட் ரோவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் அதன் முதல் மாதிரி வண்டியை ஜீப் சேஸ் மேல்தான் கட்டினார்கள். விற்பனைக்கு வந்தபோது சேஸ் வேறாகிவிட்டது: தட்டையான தகடுகளை வெட்டி, நாலு பக்கமும் வெல்ட் செய்த பெட்டி. அது தொடக்கத்திலேயே பெட்டியாகக் கணக்குப் போட்டது. கிராஸ் மெம்பர், அவுட்ரிகர் (பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கை) எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி. அதற்கு வேறு நோய் உண்டு, உள்ளே தண்ணீர் நின்று உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். இன்னொரு கோடியில் மெர்சிடஸின் உனிமாக். சேஸ் நன்றாக முறுக வேண்டும் என்றே செய்து, கேபினையும் பின் தொட்டியையும் அந்த முறுக்கு எட்டாதபடி தனியாக உட்கார வைத்திருப்பார்கள். இரண்டு வழியும் சரிதான். முறுகுவதற்குச் செய்த சேஸைப் பாதியில் பெட்டியாக்கும்போதுதான் வம்பு.

உங்கள் வண்டி முறுகுகிற ரகம். வீல்பேஸ் 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. போர்க்கால ஜீப்பான வில்லிஸ் எம்.பி.யிலிருந்து வந்த அளவு அது. அமெரிக்காவில் சி.ஜே.-3பி 1953-இல் தொடங்கி 1968 வரை ஓடியது. மஹிந்திரா அதற்குப் பிறகும் விடாமல் செய்துகொண்டிருந்தது. பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் ஹரிகேன் எஃப்-134 பெட்ரோல் இன்ஜின். இன்டேக் வால்வு தலையில் இருப்பதால் பழைய இன்ஜினைவிட உயரம் கூடிவிட்டது, பானெட்டைத் தூக்கி அதற்கு இடம் செய்தார்கள். சேஸின் அடிப்படை மாறவில்லை. இராணுவத்துக்காக, இதற்கு முந்தைய மாடலான சி.ஜே.-3ஏ-யை எம்38 ஆக்கியபோது மட்டும் சேஸையும் ஸ்பிரிங்கையும் பலப்படுத்தினார்கள்.

சேஸுக்குத் தெரியாத ஆள் அந்த டீசல் இன்ஜின். நம் ஊரில் பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ ஜீப்புகளுக்கு டீசல் ஏற்றினார்கள். எடை கூடுவது ஒரு பக்கம், அதைவிட மோசம் ஐட்லிங்கில் வரும் உதறல். மவுன்டிங் பிராக்கெட்டைக் கையில் கிடைத்த ஆங்கிளில் செய்து, சேஸின் நடுத்தகட்டிலேயே (சி சேனலின் செங்குத்தான முதுகு) நேராக வெல்ட் அடித்திருப்பார்கள். உங்கள் ஸ்டீயரிங் கீறலைப் பற்றி யோசிக்கும் முன்பு இந்த பிராக்கெட்டைப் பாருங்கள். கீறல் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுத் தகடு போட்டால், அடுத்த வருடம் அதே கீறல் நாலு அங்குலம் தள்ளி வரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அளவிலிருந்து. கோணிக்கிடக்கும் சேஸைப் பலப்படுத்தினால் அந்தக் கோணல்தான் பலப்படும். சேஸைத் தனியாக எடுத்து நாலு ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்டாண்டு நிற்பது ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்தில் இருக்கட்டும், வண்டியின் பாரம் இறங்குவது அங்கேதான். ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இருக்கிறதே, அதைக் கொண்டு நாலு மூலையும் ஒரே உயரமா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங் போல்ட் துளையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். சேஸை நகர்த்திவிட்டுப் புள்ளிகளைச் சாக்குக்கட்டி நூலால் இணைத்தால் தரையிலேயே சேஸின் படம் வந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் என்றால் நான் தொட மாட்டேன். 6 மி.மீ.க்கு மேல் என்றால் சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் வைத்து இழுத்து நேராக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. இதைக் குளிர்ந்த நிலையிலேயே செய்ய வேண்டும். கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சி வளைப்பது சுலபம், ஆனால் காய்ச்சிய இடம் பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது சுத்தம். 50 வருட கிரீஸும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருக்கும். சுரண்டி, டீசலில் கழுவி, பிறகு பிளாஸ்டிங்குக்குக் (காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சித் துருவை உரிப்பது) கொடுங்கள். ஆற்று மணலில் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட்டோ இரும்புக் கிரிட்டோ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அடித்து வந்ததும் அன்றைக்கே பாருங்கள், மறுநாள் காலையில் மெல்லிய துரு பூத்துவிடும். சின்ன சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் 'டொக்' என்று மண்பானை உடைந்தது போல ஒலிக்கும். டொக் வந்த இடத்தில் தடிமனை அளந்துவிடுங்கள். 3 மி.மீ. இருந்தது 2-க்குக் கீழே போயிருந்தால் அதன் மேல் தகடு ஒட்டுவதில் பொருளில்லை. அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும்.

கீறல் தேடுவதற்குச் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் சேர்ந்த ஸ்பிரே கிட் கடையில் கிடைக்கிறது. அது இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும்தான். இன்றும் அது வேலை செய்யும். சந்தேகப்பட்ட இடத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டிப் பொடியைப் பூசி, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கீறலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டுகள், முன் ஸ்பிரிங் பின் ஹேங்கர், இன்ஜின் மவுன்டிங், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர் சேரும் இடம், பின் கிராஸ் மெம்பரின் இரண்டு மூலைகள். இவற்றில்தான் நான் நேரத்தைச் செலவழிப்பேன். ரிவெட் தலையைச் சுற்றிப் பழுப்புக் கண்ணீர் வடிந்தது போல ஒரு கோடு தெரிந்தால் அந்த ரிவெட் உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். பிளாஸ்டிங்குக்குப் போனால் அந்த அடையாளம் அழிந்துவிடும். அதனால் கழுவும் முன்பே எல்லா ரிவெட்டையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டீயரிங் கீறல். வண்டியின் ஆபத்தான கீறல் இதுதான், இங்கே அவசரப்பட வேண்டாம். இந்த ஜீப்பில் ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸின் நடுத்தகட்டில் போல்ட்டால் நிற்கிறது. நீங்கள் வளையத்தைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரங்களின் பக்கம் போகும் தண்டு) பாக்ஸை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறது. பாறை மேல் நின்றுகொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இன்னும் மோசம். திறந்த சேனலின் நடுத்தகடு அந்த விசைக்குத் தகர டப்பா மூடி போல உள்ளே வெளியே அமுங்கி எழும். இங்கே மட்டும் பாக்ஸ் அடிப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஏனென்றால் இங்கே சரிசெய்ய வேண்டியது இந்த அமுங்கல், முறுக்கு இல்லை.

கீறலின் முனையைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என்று முடிவு செய்யக் கூடாது. சாயம் காட்டுகிற இடத்துக்கும் 3, 4 மி.மீ. தள்ளி 5 மி.மீ. துளை போடுங்கள். கூரான முனை வட்டமாகிவிட்டால் கீறல் மேலே ஓடுவதற்குப் பிடி கிடைக்காது. பிறகு கீறல் நெடுக கிரைண்டரால் 'வி' வடிவில் வாய் பிளந்து, அடிவரை உருக்கி நிரப்ப வேண்டும். மேலாகப் பூசி மெழுகினால் அடியில் கீறல் அப்படியே உயிரோடு இருக்கும். அதன் பின்பக்கம் ஒரு செம்புப் பட்டையை வைத்துப் பிடித்தால் உருகிய இரும்பு ஒழுகாது. முடிந்ததும் கிரைண்ட் செய்து சமமாக்கி மறுபடியும் சாயம் போட்டுப் பாருங்கள். கீறல் மேல் உதடு வரை ஏறியிருந்தால் — சேனலின் மேல், கீழ் மடிப்புகளை நான் உதடு என்றே சொல்லிப் பழகிவிட்டேன் — உதட்டின் விளிம்பை வழவழப்பாக ராவி விடுங்கள், ஒரு சின்னப் பள்ளம்கூட இருக்கக் கூடாது. பாரம் வரும்போது அதிக இழுவை வருவது உதடுகளில்தான். நடுத்தகட்டின் மத்தியில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. துளை போட வேண்டியிருந்தால் நடுத்தகட்டின் மத்தியில் போடுங்கள், உதட்டில் ஒருபோதும் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

பிறகு உட்தகடு. தடிமன் சேஸ் எவ்வளவோ அவ்வளவு, 3 மி.மீ.க்கு 3 மி.மீ. பட்டறைக்காரர் சொல்லும் 5 மி.மீ. தகட்டை இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு அடித்தால் எடையே 24 கிலோ போலக் கூடும், அதோடு பக்கத்தில் உள்ள மெல்லிய இரும்பைத் தின்றுவிடும். தகட்டின் வடிவம் செவ்வகமாக இருக்கக் கூடாது. இரண்டு முனையும் மீன் வால் மாதிரி உள்வாங்கியோ, வெற்றிலை நுனி மாதிரி கூர்ந்தோ இருக்க வேண்டும். விறைப்பு சட்டென்று முடியாமல் மெல்லக் கரைய வேண்டும், அதுதான் நோக்கம். உதட்டைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி எங்கும் வெல்டிங் கோடு வரக் கூடாது. தகட்டின் நடுவில் 12 மி.மீ. துளைகள் நாலைந்து போட்டு, அந்தத் துளை வழியாக நடுத்தகட்டோடு சேர்த்து நிரப்பினால் தகடும் சேனலும் ஒன்றாக வேலை செய்யும். இப்படிச் செய்வது தகட்டை நடுத்தகட்டோடு முதுகோடு முதுகாக ஒட்டும்போது. சேனலின் வாயை மூடும் தகடு என்றால், ஸ்டீயரிங் போல்ட்டுகள் செல்லும் இடத்தில் உள்ளே தடித்த குழாய்த் துண்டுகளை நிறுத்தி இரண்டு பக்கமும் வெல்ட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் போல்ட்டை முறுக்க முறுக்கப் பெட்டி நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் ஒருநாளும் இறுகி நிற்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் மாதம் ஒரு தடவை லூஸ் ஆகிறது' என்று சொல்லி வருகிற வண்டிகளில் பாதியில் இந்தக் குழாய் இருக்காது.

முன் ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்து மயிரிழைக் கீறலுக்கும் இதே வைத்தியம்தான், அளவு சின்னது. ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் (ஸ்பிரிங் நீள இடம் கொடுத்து ஆடும் இணைப்பு) முன்னால் இருக்கிறது, பின் முனைதான் அசையாத பிடிப்பு. பள்ளத்தில் இடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளும் விசை மொத்தமும் அந்தப் பின் ஹேங்கரில் வந்து விழும். புஷ் தேய்ந்து, ஷாக்கிள் இறுகித் துருப்பிடித்திருந்தால் ஸ்பிரிங் நீள முடியாமல் அந்த விசை இன்னும் கூடும். புது புஷ், கிரீஸ் போகும் ஷாக்கிள் இரண்டும் போட்டாலே பாதி பலப்படுத்தல் முடிந்தது. யாராவது முன் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் எண்ணிப் பாருங்கள். ஸ்பிரிங் கடினமானால் அது செய்யாத வேலையை சேஸ் செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் பட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி சேஸில் ஒட்டும் பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய. 'நல்ல கெட்டி இரும்பு' என்பார்கள். கெட்டிதான், கார்பன் அதிகம். அதனாலேயே வெல்ட் செய்த ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி, ஆட்டத்தில் பட்டென்று விட்டுவிடும். கட்டடக் கம்பித் துண்டை வைத்து ஒட்டியதும் நான் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ். 2062 தரத்து சாதாரண மைல்ட் ஸ்டீல் தகடு கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவுதான்.

பின் கிராஸ் மெம்பர் உங்கள் விவரிப்பின்படி தேறாது. ஒட்டுப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். 3 மி.மீ. தகட்டை பெண்டிங் மெஷினில் மடித்துச் செய்து கொடுப்பார்கள். பழையதைக் கழற்றும் முன்பு சைடு மெம்பர்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு ஆங்கிளைப் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி விரியும். ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் சீவி, மையத்தில் சிறிய டிரில் விட்டு, பஞ்சால் தட்டினால் வெளியே வரும். கேஸில் ஊதி எடுக்காதீர்கள், துளை கோணிவிடும். புதிதாக ரிவெட் அடிக்க ஆள் கிடைத்தால் நல்லது. சிவக்கக் காய்ச்சி அடிக்கும் ரிவெட் ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் கவ்விக்கொள்ளும். ஆள் இல்லையென்றால் துளையை ரீமரால் சுத்தம் செய்து, தள்ளினால் உள்ளே போகாமல் லேசாகத் தட்டினால் மட்டும் போகிற அளவில் 8.8 கிரேடு போல்ட்டும் நைலாக் நட்டும் போடுங்கள். துளைக்குள் போல்ட்டின் மரை இல்லாத பகுதி இருக்க வேண்டும். அந்த மூட்டையும் சேர்த்து வெல்ட் அடித்துவிடலாமே என்று தோன்றும். அடிக்காதீர்கள். வண்டியை இழுக்கும் ஹூக் மாட்டப் போகிறீர்கள் என்றால் மூலைகளில் உள்ளே முக்கோணத் தகடு வைத்து, அதையும் போல்ட்டிலேயே பிடியுங்கள்.

வெல்டிங் முறை பற்றிக் கொஞ்சம். சி.ஓ.2 வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி இந்தத் தடிமனுக்குப் போதும், காற்று அடிக்காத மறைவில் செய்யுங்கள். ஆர்க் வெல்டிங்தான் கைவசம் என்றால் 7018 ராடு, 2.5 மி.மீ., 80 ஆம்பியர் அக்கம்பக்கம். ஆனால் அந்த ராடு ஈரத்தை இழுக்கும். பாக்கெட் பிரித்து மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த ராடை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காய வைக்காமல் எடுத்தால் அதன் பெருமை எல்லாம் வீண். ஒரே இழுப்பில் நீளமாக ஓட்டாதீர்கள். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர் முனையில், பிறகு மறுபக்கத்து சைடு மெம்பரில் என்று மாற்றி மாற்றி. நடுவில் கையால் தொட முடிகிற சூடு வரும் வரை டீ குடித்துவிட்டு வரலாம். தண்ணீர் ஊற்றி ஆற்றுகிற வெல்டரை உடனே நிறுத்துங்கள். நாலு தையலுக்கு ஒரு தடவை குறுக்களவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் ஆறும்போது இழுக்கும், தரையில் வரைந்த படத்தை அழிக்காமல் வைத்திருந்தால் இப்போது உதவும்.

துருத் தடுப்பில் ஒரு விஷயம்தான் முக்கியம்: பெட்டியாக மூடிய ஒவ்வொரு இடத்திலும் அடியில் ஒரு வடிகால் துளை, உள்ளே மெழுகு அடிக்க ஒரு வழி. ஒட்டும் முன்பு உள்பக்கம் ஜிங்க் பிரைமர் பூசுங்கள், எல்லாம் முடிந்ததும் மெழுகு ஸ்பிரே. வெளியே எபாக்சி பிரைமர் நல்லது, ரெட் ஆக்சைடும் தாங்கும். முழு சேஸையும் கால்வனைஸ் செய்யலாமா என்றும் கேட்பார்கள். ரிவெட் சேஸுக்கு அது ஒத்துவராது. ஒன்றன் மேல் ஒன்று படிந்த தகடுகளுக்கு நடுவில் அமிலம் தங்கி உள்ளேயே அரிக்கும், 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்கும்போது சேஸ் வளையவும் கூடும்.

காகித வேலையையும் மறந்துவிடாதீர்கள். சேஸ் எண் பொறித்த இடத்தைப் பிளாஸ்டிங்குக்கு முன்பே கண்டுபிடித்து, டேப் ஒட்டி மறைத்து, பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் அழிந்தால் பிறகு நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்தோடு ஒத்துப்போகாத மாற்றம் செய்யக் கூடாது. கீறலை அடைப்பது பழுதுபார்ப்பு, சேஸை வெட்டி நீளம் மாற்றுவது அப்படி இல்லை. விண்டேஜ் பதிவு எண்ணம் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. 2021-இல் வந்த விதிப்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும், அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. உங்கள் வண்டிக்கு வயது இருக்கிறது, இன்ஜின்தான் இடிக்கிறது. பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றுவதாக இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். அப்போது மவுன்டிங் பழைய இடத்துக்குப் போகும், டீசலுக்காகப் போட நினைத்த தகடுகளில் பாதி தேவைப்படாது.

பாடியை ஏற்றும்போது ரப்பர் பேடுகளைப் புதிதாகப் போடுங்கள். அவை இல்லாமல் பாடியை சேஸோடு இறுக்கினால், முறுக்கு கதவுத் திறப்பின் மூலையில் தகரத்தைக் கிழிக்கும். பிறகு வெல்ட் செய்த இடங்கள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளை பெயின்ட் ஒரு கை. புதுப் போல்ட்டுகளின் நட்டிலிருந்து சேஸ் வரை மார்க்கரால் ஒரு கோடு. முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். கோடு விலகியிருந்தால் அந்த நட்டை இறுக்க வேண்டும். வெள்ளையில் பழுப்பு மயிரிழை தெரிந்தால், தகடு முடிகிற இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்து படத்தோடு அனுப்புங்கள், என்ன ஆனது என்று பார்த்துச் சொல்கிறேன்.